ஹெக்ரருக்காக மூன்று பேர்: பிறம்ரனிலிருந்து ஏரிக்கரை மைதானத்துக்கு

நடந்தவை இவை:

1. 1996 ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை 11.40க்கு, பிறம்ரனில் நாங்கள் வேலை செய்யும் வெயர்ஹவுஸிலிருந்து மூன்று பேர் ஒரே காரில் புறப்பட்டோம்.
2. 41 கிலோமீற்றர் ஓடி, ரொறன்ரோவின் ஏரிக்கரைப் பக்கத்திலுள்ள சின்ன பேஸ்போல் மைதானம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம்.
3. மூன்றாவது இன்னிங்ஸில் எழுந்து நின்று பிழையாகக் கத்தினோம். மைதானம் முழுவதும் சிரித்தது.
4. ஒன்பதாவது இன்னிங்ஸில் மறுபடியும் எழுந்து கத்தினோம். யாரும் சிரிக்கவில்லை.
5. ஹெக்ரர் 138 பந்துகளுக்குக் குந்தி எழும்பினார்.
6. பிறகு ஒரு கதவைத் தட்டினார்.

ஆறாவதுதான் முக்கியம். ஆனால் மூன்றாவதைச் சொல்லாமல் ஆறாவதைச் சொன்னால் விளங்காது. எனவே வரிசைப்படி எழுதுகிறேன்.

ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடமாகியும் பேஸ்போல் மைதானத்துக்குள் காலடி வைக்காத தமிழர்கள் நிறையப் பேர். போன சனிக்கிழமை வரைக்கும் நானும் அவர்களில் ஒருத்தி. இந்த நகரத்தின் பெரிய அணி அடுத்தடுத்து இரண்டு வருடங்கள் வென்றபோது, யங் வீதியில் விடிய விடிய அடித்த ஹோர்ன் சத்தம் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினேழாம் மாடிக்குக் கேட்டது. அன்றைக்கு யன்னலைப் பூட்டிவிட்டுப் படுத்தேன். அவ்வளவுதான் எனக்கும் பேஸ்போலுக்கும் இருந்த தொடர்பு.

ஹெக்ரர் அந்தப் பெரிய அணிக்காரர் அல்லர். கோடையில் மட்டும் நடக்கும் சின்ன லீக் ஒன்றில், சம்பளத்துக்கு விளையாடும் சின்ன அணியொன்றின் கச்சர். கச்சர் என்றால், பந்து அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். எங்கள் விக்கெட் கீப்பருக்கு ஒப்பானவர் என்று முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்; அந்த நினைப்பு எங்கே பிழைத்தது என்று பிறகு சொல்கிறேன். வெனிசுவேலாவில் பிறந்தவர். வயது முப்பத்தைந்து. பதினான்கு வருடத்தில் பதினொரு ஊர்களில் விளையாடியவர். மனைவி பிறம்ரன்காரி. சின்ன அணியின் சம்பளம் வீட்டு வாடகைக்கே போதாது என்பதால், திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்து மணிக்கு எங்கள் வெயர்ஹவுஸுக்கு வந்து பத்து மணி வரை லொறிகளில் பெட்டி ஏற்றுவார். அதன் பிறகுதான் மைதானம்.

நான் அங்கே கொன்வேயர் பெல்ற்றுகளின் மோட்டோர்களைத் திருத்துபவள். ஹெக்ரரின் வலது கையை முதன்முறை பார்த்தபோது ஏதோ இயந்திரத்துக்குள் அகப்பட்ட கை என்றுதான் நினைத்தேன். ஐந்து விரல்களில் நான்கு முறிந்து பொருந்தியவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். நகங்களில் வெள்ளைத் திட்டுகள். பந்து எறிபவருக்கு எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று கச்சர்தான் தொடைகளுக்கு நடுவே விரல்களால் சைகை காட்டுவாராம். பின்னேர நிழலில் விரல் தெரியாது. ஆகவே நகங்களுக்கு வெள்ளை பூசுவாராம். எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மை அதற்கு நன்றாக இருக்கும் என்று எங்கள் கந்தோரிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில், மரப் பலகைத் தட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்து ஹெக்ரர் செய்தியைச் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் புதிய கச்சர் ஒருவர் வந்துவிட்டார். அணிப் பட்டியலில் ஒரு கச்சருக்குத்தான் இனி இடம். சனிக்கிழமை ஆட்டத்தோடு ஹெக்ரரின் பெயரை எடுத்துவிடப் போவதாக மனேஜர் சொல்லியிருக்கிறார். விரும்பினால் அணிச் சட்டையோடு ஓரத்தில் நின்று இளைஞனுக்குச் சொல்லிக் கொடுக்கலாமாம்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டார் குணம் அண்ணை. ஃபோர்க் லிஃப்ற் ஓட்டுபவர். பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் விக்கெட் கீப்பர். ஹெக்ரரோடு அவர் பேசும் ஆங்கிலத்தை அப்படியே எழுத முடியாது, தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஒன்றும் சொல்லவில்லை" என்றார் ஹெக்ரர். "கச்சர் திரும்பிப் பார்த்துக் கேட்பதில்லை."

பேஸ்போல்காரர்களின் வழக்கம் அது. அம்பயர் கச்சரின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். தீர்ப்பு பிழையென்றாலும் கச்சர் தலையைத் திருப்பக் கூடாது. திரும்பினால் அம்பயரை எல்லோருக்கும் முன்னால் அவமதித்ததாகிவிடும். அடுத்த பந்துகளும் கெட்டுவிடும். கேட்பதென்றால் முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல் முணுமுணுக்கலாம். ஹெக்ரர் பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் திரும்பவில்லையாம். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

11.40

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிய, குணம் அண்ணையின் காரில் முன்னுக்கு ஜெசி அன்ரி, பின்னுக்கு நான். ஜெசி அன்ரி மன்னார்க்காரர். பொதி கட்டும் பகுதியில் மேற்பார்வை. மடியில் ஒரு பெரிய பை. அதற்குள் இருபத்துநாலு மரக்கறி ரோல்ஸ்.

"மூண்டு பேருக்கு இருபத்துநாலோ?" என்றார் குணம் அண்ணை.

"ஹெக்ரருக்கும் சேத்துத்தான். நீர் ரோட்டைப் பாரும்."

410 நெடுஞ்சாலையில் இறங்கி, 401இல் கொஞ்சத் தூரம் கிழக்கே போய், 427ஆல் தெற்கே திரும்பினோம். வெயில் 29 பாகை. காரின் ஏசி வேலை செய்யவில்லை. திருத்தித் தருகிறேன் என்று ஜூனிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், குணம் அண்ணைக்குக் காரை விட்டுவிட்டு வர மனமில்லை. வழிநெடுக அவர் ஹெக்ரரைத்தான் ஏசிக்கொண்டு வந்தார்.

"உதென்ன கதை, திரும்பிக் கேக்கக் கூடாதெண்டு? எங்கட கணக்கு வாத்தியார்தான் அம்பயர். பந்து துடுப்பிலை பட்ட சத்தம் வடலிக்கு அங்காலை கேக்கும். மனிசன் பேசாமல் நிப்பார். நான் திரும்பி ரெண்டு கையையும் தூக்கி 'ஹவுஸாற்' எண்டு கத்தினால்தான் விரலைத் தூக்குவார்."

"சட்டமே அப்பிடியோ?" என்று கேட்டார் ஜெசி அன்ரி.

"ஓம். கேக்காட்டில் அவுட் இல்லை. சட்டத்திலையே கிடக்கு."

12.50

ஏரிக்கரை வீதியில் ஒரு பக்கத்தெருவில் காரை விட்டோம். சனிக்கிழமை என்பதால் கார் நிறுத்தக் காசு இல்லை. ரிக்கற் ஐந்து டொலர். வாசலில் நின்ற பெண் ஜெசி அன்ரியின் பையைத் தொட்டுப் பார்த்து, வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்றாள்.

"மெடிசின்" என்றார் ஜெசி அன்ரி, கண் வெட்டாமல்.

அந்தப் பெண் பையை முகர்ந்தாள். பொரித்த எண்ணெய் மணம் வீதி வரைக்கும் அடித்தது. "எனக்கும் ஒரு வேளை மருந்து கிடைக்குமா?" என்று கேட்டாள். மருந்து இருபத்துமூன்றாகக் குறைந்தது. உள்ளே போய்விட்டோம்.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்கிறேன். மரவாங்குகள் பதின்மூன்று வரிசை. எண்ணூறு பேர் இருக்கலாம். அன்று நானூறு பேர் இருந்தார்கள். இடது வேலிக்கு அப்பால் ஏரி நீலமாகத் தெரியும். கச்சருக்கு நேர் பின்னால், கம்பி வலைக்கு இப்பால், நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்வரிசையில் சிவப்புத் தொப்பி போட்ட முதியவர் ஒருவர் மடியில் கணக்குத்தாள் வைத்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். நானும் கொப்பியை எடுத்ததைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ஹெக்ரர் வெளியே வந்தார். முகத்துக்குக் கம்பிக் கூடு, மார்புக்குக் கவசம், கால்களுக்குக் கவசம். பெட்டி ஏற்றும்போது குனிந்த தோளோடு நடக்கும் மனிதர் அல்லர் இவர். தன் சொந்த வீட்டுக்குள் நடப்பவரைப் போல நடந்து வந்து குந்தினார். புதிய கச்சர் அணியின் வாங்கில் இருந்தார். சட்டையில் ஒரு தூசி இல்லை.

1.30

முதலிரண்டு இன்னிங்ஸ் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நாங்கள் மூவரும் ஹெக்ரரை மட்டும் பார்த்தோம். குந்துவார், தொடைகளுக்கு நடுவே சைகை காட்டுவார் (பின்னாலிருந்து அது எங்களுக்குத் தெரியாது, வெள்ளை மை வேலை செய்கிறதா என்பதைப் பந்து எறிபவர் தலையாட்டுவதிலிருந்துதான் அறிந்தேன்), வலது கையைக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார், பிடிப்பார், எழும்புவார். அந்தக் கையை ஒளிப்பது இப்போதுதான் பழகியது என்று சொல்லியிருக்கிறார். பழகும் முன்னர்தான் நான்கு விரல்களும் முறிந்தன.

மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணி ஆள் புதிதாக அடிக்க வந்தார். முதல் பந்து. 'டிக்' என்று விளிம்பில் பட்ட சத்தம். பந்து நேரே ஹெக்ரரின் கையுறைக்குள்.

குணம் அண்ணை இருபது வருடங்களுக்கு முந்திய ஏதோ ஒரு மைதானத்திலிருந்து எழும்பினார். இரண்டு கையும் வானத்தில்.

"ஹவுஸாற்!"

அவரோடு சேர்ந்து நானும் எழும்பிவிட்டேன். ஜெசி அன்ரியும். அண்ணன் தம்பிமாரோடு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் உடம்பில் இருக்கிறது. மூன்று பேரும் கையை உயர்த்தியபடி நின்றோம். அம்பயர் முகக் கூட்டுக்குள்ளிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். அடிக்க வந்தவர் போகவில்லை. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவரும் பார்த்தார். பிறகு நானூறு பேரும் சிரித்தார்கள்.

ஹெக்ரர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"மிஸ்ரர் கிரிக்கெட்!" என்றார் சிவப்புத் தொப்பி. "அது ஒரு ஸ்ரைக், அவ்வளவுதான். மூன்று ஸ்ரைக் ஆனால்தான் அவுட். ஏற்கெனவே இரண்டு இருந்து, இப்படிப் பட்டு நேரே கையுறைக்குள் போயிருந்தால், அப்போது அவுட். இது முதல் பந்து. இன்னொன்று: இங்கே யாரும் கத்திக் கேட்பதில்லை. அம்பயர் தானாகச் சொல்வார். உட்காருங்கள்."

நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: இரண்டு ஸ்ரைக் + விளிம்பு + நேரே கையுறை = அவுட்.

குணம் அண்ணை உட்காரும்போதும் விடவில்லை. "விளிம்பிலை பட்டது, கீப்பர் பிடிச்சவன். உலகத்திலை எந்த ஊரிலை அது அவுட் இல்லை?"

"இந்த ஊரிலை, அண்ணை" என்றேன்.

"அப்ப இந்த ஊர்ச் சட்டம் பிழை. நான் இன்னும் கத்துவன்."

2.40

ஐந்தாவது இன்னிங்ஸ் நல்லதாக இல்லை. எதிரணி ஓட்டக்காரர் ஒருவர், பந்து எறியப்படும்போதே அடுத்த தளத்துக்கு ஓடினார். அவருக்கு முன் பந்து அந்தத் தளத்துக்குப் போய்ச் சேர ஹெக்ரர் எழும்பி எறிந்தார். முழங்கால் ஒரு கணம் பிந்தியது, பந்தும் பிந்தியது. இன்னொருவர் ஓடினார். அதுவும் பிந்தியது. இரண்டுக்கு இரண்டு தோல்வி என்று குறித்தேன். நண்பர் என்பதற்காகக் கணக்கை மாற்ற முடியாது.

"தாத்தா, வீட்டுக்குப் போ!" என்று கத்தினார் சிவப்புத் தொப்பி.

ஜெசி அன்ரி பையை என் மடியில் வைத்துவிட்டு முழுதாகத் திரும்பினார். "மிஸ்ரர். ஹீ கம் வேர்க் ஃபைவ் ஓ குளொக் மோர்னிங். எவ்ரி டே. யூ?"

சிவப்புத் தொப்பி என் பக்கம் குனிந்தார். "அவர் வேலைக்கும் போகிறாரா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தன் தாளில் ஏதோ எழுதினார். அது என்னவென்று எனக்குத் தெரியாது. அன்ரி அவருக்கு ஒரு ரோல் கொடுத்தார். கோபம் ஆறிக் கொடுத்ததல்ல, வாயை மூட வைக்கக் கொடுத்தது.

ஏழாவது இன்னிங்ஸில் மட்டையில் பட்டுத் திரும்பிய பந்து ஹெக்ரரின் முகக் கூட்டில் அடித்தது. கூடு கழன்று மண்ணில் உருண்டது. முழங்காலில் நின்று நிலத்தைப் பார்த்தார். வாங்கிலிருந்த இளைஞர் எழும்பிக் கால் கவசத்தைக் கட்டத் தொடங்கினார். உதவியாளர் ஓடி வந்து ஹெக்ரரின் முகத்துக்கு முன்னால் விரல்களைக் காட்டினார். ஹெக்ரர் அவரைப் பார்க்கவில்லை, வாங்கைப் பார்த்தார். பிறகு கூட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, போட்டுக்கொண்டு குந்தினார். இளைஞர் கட்டிய கவசத்தைக் கழற்றவில்லை. மிச்ச ஆட்டம் முழுவதும் அதோடேயே உட்கார்ந்திருந்தார்.

4.10

ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி. ஹெக்ரரின் அணி நான்கு, எதிரணி மூன்று. இருவர் அவுட், இன்னும் ஒருவர் போனால் முடிந்தது. மூன்றாவது தளத்தில் எதிரணி ஓட்டக்காரர் ஒருவர் நிற்கிறார்; பந்து ஹெக்ரரைத் தாண்டினால் அவர் ஓடி வந்து சமப்படுத்திவிடுவார். அடிப்பவருக்கு இரண்டு ஸ்ரைக் ஆகிவிட்டது.

138வது பந்து. தாழ்வாக வந்தது. 'டிக்'. மிகச் சின்னச் சத்தம். மோட்டோருக்குள் ஒரு பல் நழுவும் சத்தம் போல. ஹெக்ரரின் கையுறை நிலத்தோடு. புழுதி. பந்து நேரே உள்ளே போனதா, மண்ணில் பட்டுப் போனதா? ஓட்டக்காரர் ஓடத் தொடங்கிவிட்டார். அம்பயர் குனிந்தபடி நின்றார். கை அசையவில்லை. ஹெக்ரர் கையுறையை அப்படியே உயர்த்திப் பிடித்தார். திரும்பவில்லை.

என் கொப்பியில் எழுதியிருந்தது கண்ணுக்குள் நின்றது. இரண்டு ஸ்ரைக், விளிம்பு, நேரே கையுறை. இந்த முறை முதலில் எழும்பியவள் நான்.

"ஹவுஸாற்!"

குணம் அண்ணையும் ஜெசி அன்ரியும் ஒரே மூச்சில் சேர்ந்தார்கள். பின்வரிசையில் இன்னொரு குரலும் கேட்டது. அது சொல்லைச் சரியாகச் சொல்லவில்லை, ஆனால் எங்களோடு சேர்ந்துதான் கத்தியது. சிவப்புத் தொப்பி கணக்குத்தாள் நிலத்தில் விழ எழும்பி நின்றார்.

அம்பயரின் வலது கை உயர்ந்தது.

எங்கள் சத்தத்துக்காக அவர் கையை உயர்த்தவில்லை. பந்து கையுறைக்குள் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் கேட்டோம் என்பதும் நடந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

4.35

ஹெக்ரர் வலைக்கு அருகில் வந்தார். கன்னத்தில் கூட்டின் கம்பி அடையாளம். ரோல் ஒன்றை வலையின் ஓட்டைக்குள்ளால் நீட்டினோம். பிதுங்கிப் போனது, சாப்பிட்டார். மனேஜர் அறைக்குப் போகிறார், தன் சாமான்களைப் பெட்டியில் கட்டி எடுக்க வேண்டும் என்றார்.

"போய்க் கேள்" என்றார் குணம் அண்ணை.

"நான் சொன்னேனே. கச்சர் திரும்பிக் கேட்பதில்லை."

"அது அம்பயரை. உன்ரை மனேஜர் உனக்குப் பின்னாலையோ நிக்கிறார்?"

"இல்லை என்றுதான் சொல்வார்."

அப்போது நான் பேசினேன். "இல்லையென்றால் அது நொட் அவுட். எங்கள் விளையாட்டில் நொட் அவுட் என்றால், அடுத்த பந்துக்கு மறுபடியும் கேட்போம்."

ஹெக்ரர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சப்பாத்து ஆணிகள் சீமெந்தில் கிறீச்சிட, வாங்குகளுக்குக் கீழே இருந்த நடைபாதையால் போனார். மனேஜர் அறையின் பச்சைக் கதவு. நான்கு முறை தட்டினார். உள்ளே போனார்.

பதினொரு நிமிடம் எடுத்தது. ஜெசி அன்ரி செபமாலையைக் கையில் எடுத்துவிட்டு, பேஸ்போலுக்குச் செபிக்கலாமா என்ற யோசனையில் திரும்பப் பைக்குள் போட்டார்.

வெளியே வந்தபோது ஹெக்ரரின் கையில் பெட்டி இல்லை.

"முதலில் இல்லை என்றார்" என்றார். "மறுபடியும் கேட்டேன். அதற்கும் இல்லை என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, 'உனக்கு இன்று என்ன வந்தது?' என்று கேட்டார். ஒரு வாரம். அடுத்த ஞாயிறு வரைக்கும் இரண்டு பேரும் பட்டியலில்."

"பாத்தியே!" என்றார் குணம் அண்ணை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தான் எறிந்து விழுத்தியதைப் போல.

6.15

என்னைச் சென் ஜேம்ஸ் ரவுணில் இறக்கிவிட்டு அவர்கள் திரும்பினார்கள். எங்கள் கட்டடத்தின் பின்னால் கார் நிறுத்துமிடத்தில், வேலை முடித்து வந்தவர்கள் ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். குப்பைத் தொட்டிதான் விக்கெட். பந்து விளிம்பில் பட, ஏழு பேர் சேர்ந்து கேட்டார்கள். அந்தச் சத்தம் நான்கு கட்டடங்களிலும் மோதித் திரும்பியது. மேல் மாடியிலிருந்து யாரோ ஆங்கிலத்தில், சத்தம் போடாதீர்கள் என்று கத்தினார்கள். அம்பயராக நின்றவர் தலையை ஆட்டி மறுத்தார். அடுத்த பந்துக்கு ஏழு பேரும் மறுபடியும் கேட்டார்கள்.

பிறம்ரனுக்கும் மில்லிக்கனுக்கும் வேலைக்கு வந்து போகும் எங்களை, சத்தம் போடாத, திரும்பிப் பார்க்காத நல்ல வேலையாட்கள் என்று மேற்பார்வையாளர்கள் புகழ்வதுண்டு. நானும் அதைப் பாராட்டாகவே எடுத்து வந்தேன். கீழே நின்று அந்த ஆட்டம் இருட்டும் வரை பார்க்கவில்லை. இரண்டு ஓவர் பார்த்தேன், போதுமாக இருந்தது.

இதை எழுதுவது புதன்கிழமை. இன்றைய நிலை இது: ஹெக்ரரின் பெயர் ஞாயிறு வரை பட்டியலில் இருக்கிறது. செவ்வாய் ஆட்டத்தில் இளைஞர் விளையாடினார். ஹெக்ரர் வாங்கில் இருந்தார், கால் கவசத்தைக் கட்டியபடி. இன்று காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தார். வெள்ளை மை முடிந்துவிட்டது என்றார், இன்னொரு போத்தல் கொடுத்தேன். ஞாயிறு மறுபடியும் கதவைத் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் நான்காவது வரிசையில் மூன்று ரிக்கற் இருக்கிறது.